கெனில்வொர்த்துக் கோட்டை

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில், கவென்ட்ரி நகரிலிருந்து ஏறக்குறைய ஐந்து கல் தொலைவில், கெனில்வொர்த் என்னும் சிறு நகரம் இருக்கிறது. அந்நகரின் ஒரு புறத்தே, தாழ்ந்த ஒரு மேட்டின்மீது, செந்நிறக் கல்லால் கட்டிய பழைய கோட்டை ஒன்று பாழ்பட்டு நிற்கிறது. கூடங்களுக்குக் கூரை இல்லை. சாளரங்களுக்குக் கதவு இல்லை. கோட்டையின் தலையாய உறுப்பாகிய பெருங்கோபுரத்துக்கு மூன்று பக்கந்தான் சுவர் உண்டு. வடபுறச் சுவர் இருந்த இடத்தில் வெட்டவெளி தெரிகிறது.

இதனைக் காண்பவர், காலம்தான் இக்கோட்டையை இவ்வாறு தின்றுவிட்டது என்று எண்ணுதல் இயல்பு. ஆனால், அடியில் பதினேழு அடிப் பருமன் உள்ள சுவரைக் காற்றும் மழையும் அவ்வளவு எளிதில் தின்றுவிட மாட்டா. அச்சுவர் விழுந்தது முதுமையால் அன்று, அரசாங்க ஆணையால். ஆங்கில நாட்டின் பாராளுமன்றம் 1649-ஆம் ஆண்டில் அதனை இடிக்குமாறு பணித்தது. ஒரு நாட்டின் மன்றம் கூடி, ஒரு கோட்டைச் சுவரைப் பற்றிக் கவலை கொள்ளவேண்டிய காரணம் யாது? அதனை அறியவேண்டுமானால், அந்தச் சுவரை எழுப்பியவன் காலத்திற்கே நாம் செல்லவேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ஹென்றி ஆங்கில நாட்டை ஆண்டான். பழங்குடிப் பிரபுக்களை அவன் முழுதும் நம்பவில்லை. எளிய குடியில் பிறந்தோரைத் தன் பணியில் சேர்த்து, நிலமும் பதவியும் தந்து, உயர்த்தி வைப்பது அவன் வழக்கம். அவ்வாறு உயர்ந்தோருள் ஒருவன் ஜெப்ரி டி கிளிண்டன். அரண்மனை அதிகாரியாகவும் பொருட்காப்பாளனாகவும் இருந்த அவனுக்கு மன்னன் கெனில்வொர்த்தில் நிலம் கொடுத்தான். அங்கிருந்து ஐந்து கல் தொலைவில் வாரிக் என்னும் ஊரில் பழங்குடிப் பிரபு ஒருவனுடைய கோட்டை இருந்தது. அதற்கு எதிராக ஒரு புதுக்கோட்டை எழுவது மன்னனுக்கு வேண்டியதாயிற்று. 1120-களில் கிளிண்டன் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். அருகிலேயே ஒரு துறவியர் மடத்தையும் நிறுவினான். ஆகவே, இக்கோட்டை பிறந்தபொழுதே ஒருவர்மீது ஒருவர் கொண்ட ஐயத்தில் பிறந்தது. 1130-இல் கிளிண்டன்மீதே அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவன் தப்பினான். எனினும் அவன் வழியினர் நெடுங்காலம் இதனை ஆளவில்லை. 1173-இல் இரண்டாம் ஹென்றியின் புதல்வர்கள் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, மன்னன் தன் படையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினான். அதன்பின் கோட்டை அரசனுடையதே ஆயிற்று.

கெனில்வொர்த்தின் பெருமைக்கெல்லாம் காரணம் கல் அன்று, தண்ணீர் என்பது என் கருத்து. தமிழ்நாட்டார்க்கு இதனை விளக்குவது எளிது. நம் ஊர்களில் சிற்றாற்றின் குறுக்கே கரை எடுத்து ஏரி அமைப்பதைப்போல, அங்கேயும் இரண்டு ஓடைகளின் குறுக்கே கரை எழுப்பி, நீரைத் தேக்கினார்கள். நாம் ஏரி அமைத்தது உழவுக்காக; அவர்கள் அமைத்தது காவலுக்காக. நம் இலக்கணம் அரணை வகுக்கும்போது மலையரண், காட்டரண் என்பவற்றோடு நீரரணையும் கூறும். கெனில்வொர்த் நீரரணுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மன்னன் ஜான் தன் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் ஆயிரம் பவுனுக்கு மேல் இக்கோட்டையில் செலவிட்டான். அக்காலத்தில் அது மிகப் பெரும் பொருள். வெளிமதிலை அவன் கட்டினான், கரையை உயர்த்தினான். தெற்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய நூறு ஏக்கர் பரப்பில் நீர் பரந்து நின்றது. கிழக்கே கரையும் அதன் அடியில் மற்றொரு குளமும் இருந்தன. வடக்கே மட்டும் நிலம். அங்கே அகழி தோண்டினார்கள். பகைவர் ஏணி சார்த்தவும் இயலாது. நிலத்தடியில் சுரங்கம் தோண்டி மதிலைச் சரிக்கவும் இயலாது. தோண்டினால் நீர் உட்புகும்.

இத்தகைய கோட்டையைத்தான் மூன்றாம் ஹென்றி 1244-இல் தன் தங்கை கணவனிடம் ஒப்படைத்தான். அவனே சைமன் டி மான்ட்போர்ட். பிரெஞ்சு நாட்டில் பிறந்து, ஆங்கில நாட்டில் லெஸ்டர் என்னும் பிரபுப் பட்டத்துக்கு உரியவனாகி, மன்னன் தங்கை எலினாரை 1238-இல் மணந்தவன். 1253-இல் கணவன் மனைவி இருவர்க்கும் அவர்தம் வாழ்நாள் உரிமையாகக் கோட்டை வழங்கப்பட்டது. மன்னன் தன் கையாலேயே தன் பகைவனுக்கு அரண் அமைத்துக் கொடுத்தான் என்பது பின்னர்த்தான் விளங்கிற்று.

மன்னனுடைய வீண் செலவும், அயல்நாட்டு உறவினர்க்கு அவன் வாரி வழங்கிய கொடையும் பிரபுக்களின் சினத்தைத் தூண்டின. 1258-இல் அவர்கள் ஆக்ஸ்போர்டில் கூடி, மன்னன் ஒரு குழுவின் அறிவுரைப்படி ஆளவேண்டும் என விதித்தார்கள். மன்னன் ஒப்பினான்; பின்னர் மறுத்தான். சண்டை மூண்டது. 1264-ஆம் ஆண்டு மே மாதம் லூவிஸ் என்னும் இடத்தில் நடந்த போரில் சைமன் வென்றான். மன்னனும் அவன் மூத்த மகன் எட்வர்டும் சைமன் கைப்பட்டனர். மன்னன் தம்பி ரிச்சர்டு கெனில்வொர்த்திலேயே சிறை வைக்கப்பட்டான். 1265 ஜனவரியில் சைமன் ஒரு பெருமன்றத்தைக் கூட்டினான். பிரபுக்களும் சமயத் தலைவர்களும் மட்டுமன்றி, மாவட்டங்களின் சார்பில் வீரரும் நகரங்களின் சார்பில் குடிமக்களும் அதற்கு அழைக்கப்பட்டனர். இன்று உலகெங்கும் பேசப்படும் பாராளுமன்ற முறையின் தொடக்க நிலைகளுள் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர் மதிக்கின்றனர். சைமன் குடியாட்சியில் காதல் கொண்டு அதனைச் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். பிரபுக்களிற் பலர் அவனை விட்டு நீங்கிக்கொண்டிருந்தனர். அவனுக்குத் துணை வேண்டியிருந்தது. நகரங்களிடம் அத்துணையை அவன் தேடினான். தேவையிலிருந்து பிறந்த நல்ல வழக்கங்கள் உலகில் பல உண்டு.

ஆனால் அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1265 மே மாதத்தில் எட்வர்டு காவலினின்று தப்பினான். சைமனுடைய மகனுக்கும் சைமன் என்றே பெயர். அவன் தந்தைக்குத் துணையாகப் படை திரட்டிக்கொண்டு ஆகஸ்டு முதல் நாள்களில் கெனில்வொர்த்தை அடைந்தான். கோட்டைக்குள் சென்று தங்கியிருந்தால் அவனை யாரும் அசைத்திருக்க முடியாது. ஆனால் அவனுடைய வீரர்கள் ஊருக்குள் வசதியாக உறங்க விரும்பினர். ஆண் வேடம் பூண்ட ஒரு பெண் ஒற்றர் இச்செய்தியை எட்வர்டுக்குச் சொன்னதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. எட்வர்டு இரவோடு இரவாக வந்து, விடியலில் அவர்களைப் படுக்கையிலேயே பிடித்தான். இளைய சைமன் மட்டும் எப்படியோ கோட்டைக்குள் புகுந்து உயிர் பிழைத்தான். கைப்பற்றிய கொடிகளை முன்னே பிடித்துக்கொண்டு எட்வர்டின் படை ஈவ்ஷாம் நோக்கி நடந்தது. வருவது மகனின் படையே என்று தந்தை மகிழ்ந்தான். ஆகஸ்டு 4-ஆம் நாள் அங்கே சைமனும் அவனுடைய மூத்த மகனும் மாண்டனர். சைமன் உடலைப் பகைவர் துண்டு துண்டாக வெட்டினர். கணவனை இழந்த எலினார் பிரெஞ்சு நாட்டுக்குச் சென்று, கன்னியர் மடம் ஒன்றில் தங்கி, 1275-இல் காலமானாள்.

தலைவன் மாண்ட பின்னும் அவனுடைய கோட்டை பணியவில்லை. இதுதான் கெனில்வொர்த் வரலாற்றில் மிக வியக்கத்தக்க பகுதி. ஈவ்ஷாமில் தப்பியவரும், நிலம் இழந்தவரும் அங்கே வந்து சேர்ந்தனர். பெண்டிரும் பணியாளரும் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே இருந்தனர் என்று கூறுவர். பணிந்துவிடுமாறு சொல்லச் சென்ற அரச தூதன் கை வெட்டுண்டு திரும்பினான். 1266 ஜூன் மாத இறுதியில் மன்னன் நேரில் வந்து கோட்டையை முற்றினான்.

நம் புறப்பொருள் இலக்கணத்தில் மதிலை முற்றுவோர் சூடும் பூ உழிஞை. மதிலைக் காப்போர் சூடும் பூ நொச்சி. வெட்சி முதல் வாகை வரை வகுத்த நம் முன்னோர், மதிற்போரைத் தனித் திணையாகவே பிரித்தனர் என்றால், அதன் இயல்பு வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். வெட்டவெளியில் நிகழும் போர் ஒரு நாளில் முடியும். மதிற்போரோ பொறுமைப் போர். உள்ளிருப்பவனுக்கும் வெளியிருப்பவனுக்கும் பசியே நடுவர்.

மன்னன் படையினர் பெருங்கற்களை வீசும் பொறிகளைக் கொணர்ந்து நிறுத்தினர். உள்ளேயும் அத்தகைய பொறிகள் இருந்தன. இரு பக்கத்துக் கற்களும் வானில் ஒன்றோடொன்று மோதிச் சிதறின என்று அக்காலத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியார் மரத்தால் கோபுரம் செய்து மதிலருகே நகர்த்தினர். உள்ளிருந்தோர் கல் வீசி அதனை நொறுக்கினர். செஸ்டர் நகரிலிருந்து படகுகளை வருவித்து ஏரியின் வழியே தாக்க முயன்றனர், அதுவும் பலிக்கவில்லை. ஜான் மன்னன் பொருள் கொட்டித் தேக்கிய நீர், அவன் மகனையே கரையில் நிறுத்தி வைத்தது.

படையால் ஆகாததைச் சமயத்தால் சாதிக்கலாம் என எண்ணினர். போப்பாண்டவரின் தூதராக ஒட்டோபுவோனோ என்பவர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். (இவரே பின்னர் 1276-இல் ஐந்தாம் அட்ரியன் என்னும் பெயரோடு போப்பாண்டவராகி, சில வாரங்களில் மறைந்தவர்.) அவர் கோட்டையின் முன் வந்து, உள்ளிருப்போர் அனைவரையும் திருச்சபையினின்று விலக்கியதாக அறிவித்தார். அக்காலத்துக் கிறிஸ்தவருக்கு அதனினும் கொடிய தண்டனை இல்லை. ஆனால் உள்ளே இருந்த அறுவை மருத்துவர் ஒருவர், வெள்ளை அங்கி ஒன்றை அணிந்துகொண்டு தாமே போப்பின் தூதர் போல மதில்மேல் ஏறி நின்று, மன்னனையும் மெய்யான தூதரையும் அவரைச் சார்ந்த அனைவரையும் திருச்சபையினின்று விலக்கினார்! பட்டினி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்டையில் இந்த நகைச்சுவை எவ்வாறு பிழைத்தது என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

முடிவில் மன்னன் பக்கத்தாருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. இந்த மனிதர்கள் இறுதிவரை போரிடுவதற்குக் காரணம் அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லாமையே. ஈவ்ஷாமுக்குப் பின் அவர்களுடைய நிலங்கள் எல்லாம் பறிக்கப்பட்டு, வென்றவர்க்குப் பங்கிடப்பட்டுவிட்டன. எனவே பன்னிருவர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆயர்களும் பிரபுக்களும் அதில் இருந்தனர். 1266 அக்டோபர் 31-ஆம் நாள் அக்குழுவின் தீர்ப்பு வெளியாயிற்று. ‘கெனில்வொர்த்துத் தீர்ப்பு’ என்றே அது பெயர் பெற்றது. நிலம் இழந்தவர் தம் நிலத்தைப் பொருள் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். குற்றத்தின் அளவுக்கேற்பத் தொகை மாறும்: பலர்க்கு ஆண்டு வருவாயைப்போல் ஐந்து மடங்கு, சிறு அளவில் கலந்துகொண்டவர்க்கு இரண்டு மடங்கு, சிலருக்கு ஏழு மடங்கு. கோட்டைக் காவலின் தலைவனாகிய ஹென்றி டி ஹேஸ்டிங்ஸ் அந்த ஏழு மடங்குப் பட்டியலில் இருந்தான். கடுமையான தொகைதான், ஆயினும் முற்றிலும் பறித்தலுக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. தோற்றவன் மீண்டும் குடிமகனாவதற்கு ஒரு வாயில் திறந்தது. அத்தீர்ப்பில் வேறொரு விதியும் இருந்தது: சைமனைத் துறவி என்றோ தூயவன் என்றோ யாரும் போற்றலாகாது, அவன் பெயரால் அற்புதங்கள் நிகழ்ந்ததாகப் பேசலாகாது. பொதுமக்கள் அவனை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு இந்தத் தடையைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

உள்ளிருந்தோர் தீர்ப்பை உடனே ஏற்கவில்லை. இளைய சைமன் கடல் கடந்து சென்றிருந்தான். அவன் படையோடு வருவான் என நம்பினர். நாற்பது நாள் தவணை கேட்டுப் பெற்றனர். பறம்பு மலையை மூவேந்தர் முற்றியபோது, கபிலர் பறவைகளைப் பழக்கி வெளியே அனுப்பி நெற்கதிர் கொணரச் செய்தார் என்பது நம் மரபு. கெனில்வொர்த்தில் அத்தகைய புலவரும் இல்லை, பறவையும் இல்லை. குளிர் வந்தது, விறகு தீர்ந்தது, நோய் பரவிற்று. டிசம்பர் நடுவில் அவர்கள் வாயிலைத் திறந்தனர். படைக்கலத்தோடும் குதிரையோடும் வெளியே செல்ல மன்னன் இசைந்தான். ஏறக்குறைய ஆறு திங்கள் நீடித்த இம்முற்றுகையை இடைக்கால இங்கிலாந்தின் மிக நீண்ட முற்றுகை என்பர். எந்தப் பொறியும் மதிலை வீழ்த்தவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

சில நாள்களுக்குள் மன்னன் இக்கோட்டையைத் தன் இளைய மகன் எட்மண்டுக்குக் கொடுத்தான். எட்மண்டிலிருந்து லங்காஸ்டர் பெருங்குடி தொடங்குகிறது. 1279-இல் இங்கே நூறு வீரரும் நூறு மகளிரும் கூடி, ஆர்தர் மன்னனின் வட்டமேசைக் கதையைப் போல் ஒரு விளையாட்டு விழா நடத்தினர். பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் பசியால் வாடிய முற்றங்களில் இப்போது விருந்து.

எட்மண்டின் மகன் தாமஸ், தன் உறவினனாகிய இரண்டாம் எட்வர்டு மன்னனை எதிர்த்தான், தோற்றான், 1322 மார்ச்சில் தலை வெட்டுண்டான். கோட்டை மன்னன் கைக்கு வந்தது. ஆனால் நான்கே ஆண்டுகளில் சக்கரம் சுழன்றது. 1326-இல் அரசி இசபெல்லாவே கணவனுக்கு எதிராகப் படை கொண்டு வந்தாள். நவம்பரில் மன்னன் வேல்ஸ் நாட்டில் பிடிபட்டான். அவனைக் காவல் காக்க யாரிடம் ஒப்படைத்தனர் தெரியுமா? தலையிழந்த தாமஸின் தம்பி ஹென்றியிடம். அண்ணனைக் கொன்ற மன்னனை, அண்ணன் கோட்டையிலேயே தம்பி காத்தான். அவன் மன்னனை மரியாதையாகவே நடத்தினான் என்பது அவனுடைய பெருமை.

1327 ஜனவரியில் லண்டனில் மன்றம் கூடியது. மன்னன் அங்கு வர மறுத்தான். ஆகவே மன்றத்தின் தூதுக்குழு ஒன்று பனிக்காலத்தில் கெனில்வொர்த்துக்கு வந்தது. கருப்பு உடை உடுத்து வந்த மன்னன் அவர்களைக் கண்டதும் மயங்கிச் சாய்ந்தான். அவனைத் தாங்கிப் பிடித்தவர்களுள் ஹென்றியும் ஒருவன் என்பர். “நீ முடி துறந்தால் உன் மகன் அரசனாவான், மறுத்தால், அரச குடியைச் சேராத வேறொருவனையும் மக்கள் தேர்ந்தெடுக்கக் கூடும்” என்ற கருத்தில் அவனிடம் பேசினர். மன்னன் அழுதான், இசைந்தான். நாட்டு மக்கள் சார்பில் வந்த ஒருவர், ‘இனி நாங்கள் உமக்குக் கட்டுப்பட்டவர் அல்லேம்’ என்று அறிவித்தார். அரண்மனைத் தலைமை அதிகாரி தம் பதவிக்கோலை முறித்துப் போட்டார். மன்னன் இறந்தபோது மட்டும் செய்யும் சடங்கு அது. அன்று உயிரோடிருந்த ஒரு மன்னன் கண்முன் நடந்தது. நார்மானியர் ஆட்சி தொடங்கிய பின், முடி பறிக்கப்பட்ட முதல் ஆங்கில மன்னன் இவனே. அவ்வாண்டு ஏப்ரலில் அவனைப் பர்க்லி என்னும் கோட்டைக்கு மாற்றினர். செப்டம்பரில் அவன் அங்கே இறந்ததாக அறிவிக்கப்பட்டது.

அடுத்து வந்த லங்காஸ்டர் பிரபுவுக்கு ஆண்மகவு இல்லை. அவன் மகள் பிளான்ச், மூன்றாம் எட்வர்டின் மகன் ஜானை மணந்ததனால் கோட்டை அவனிடம் வந்தது. கென்ட் நகரில் பிறந்தவன் ஆதலால் இவனை ‘கான்ட் ஜான்’ என்று வரலாறு அழைக்கிறது. 1370-களில் இவன் தொடங்கிக் கட்டிய பெருங்கூடத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தொண்ணூறு அடி நீளம், நாற்பத்தைந்து அடி அகலம். நடுவில் ஒரு தூண் இல்லை. நெடிய சாளரங்களில் அமர்ந்து ஏரியைப் பார்க்க இருக்கைகள். போர்க்கோட்டை அரண்மனையாக மாறிய இடம் இதுதான். அவன் மகன் 1399-இல் நான்காம் ஹென்றியாக முடி சூடியதும், கோட்டை மறுபடியும் அரசுடைமை ஆயிற்று. ஐந்தாம் ஹென்றி ஏரியின் அக்கரையில் ஓர் இன்ப மாளிகை கட்டி, படகில் சென்று ஓய்வு கொண்டான். பின்னர் நூற்றைம்பது ஆண்டுக் காலம் சொல்லத்தக்க நிகழ்ச்சி இங்கு இல்லை.

1553-இல் ஜான் டட்லி என்னும் பிரபு கோட்டையைப் பெற்றான். அதே ஆண்டு, ஜேன் கிரே என்னும் பெண்ணை அரியணை ஏற்ற முயன்று, தோற்று, தலையிழந்தான். அவன் தந்தையும் முன்னர் 1510-இல் அவ்வாறே மாண்டவன். இத்தகைய குடியில் வந்த ராபர்ட் டட்லியிடம் எலிசபெத் அரசி 1563-இல் கோட்டையை அளித்தாள். அடுத்த ஆண்டு அவனை லெஸ்டர் பிரபு ஆக்கினாள். அவளுடைய அன்புக்குரியவன் அவன் என்பது நாடறிந்த செய்தி. அவன் மனைவி ஆமி ராப்சர்ட் 1560-இல் ஒரு வீட்டின் மாடிப்படி அடியில் இறந்து கிடந்தாள். அது விபத்து என்றே விசாரணையில் முடிவு செய்தார்கள். எனினும் ஊர் வாய் அடங்கவில்லை. அந்த அவப்பெயர் இருக்கும்வரை அரசி அவனை மணப்பதும் அரிதாயிற்று.

1575 ஜூலை 9-ஆம் நாள் அரசி கெனில்வொர்த்துக்கு வந்தாள். பத்தொன்பது நாள் தங்கினாள். எந்தக் குடிமகன் வீட்டிலும் அவள் அவ்வளவு நாள் தங்கியதில்லை. அவள் தங்குவதற்கென்றே லெஸ்டர் நான்கு அடுக்கு மாளிகை ஒன்று முன்னமே கட்டி வைத்திருந்தான். அவள் வந்ததும் கோபுரத்துக் கடிகாரத்தை நிறுத்தினார்களாம். அரசி இருக்கும்வரை காலமும் நிற்கவேண்டும் என்பது குறிப்பு. ஏரியில் தீவட்டிகள் ஒளிர ஒரு மிதக்கும் தீவு நகர்ந்து வந்தது. அதன்மேல் ‘ஏரித் தெய்வம்’ நின்று வரவேற்புரை கூறிற்று. மற்றொரு நாள், பெரிய டால்பின் மீன் வடிவில் ஒரு பொறி மிதந்தது. அதன் வயிற்றுள் இசைவாணர் அமர்ந்து இசைத்தனர். நீருக்குள் மூழ்கி மீண்டும் எழுந்து எரியும் வாணவேடிக்கையும் உண்டு. நாளொன்றுக்கு ஆயிரம் பவுன் செலவாயிற்று என்று பிற்காலத்தார் சொல்வதை அப்படியே நம்பவேண்டுவதில்லை. ஆனால் லெஸ்டர் இறக்கும்போது பெருங்கடனில் இருந்தான் என்பது உறுதி. பதினொரு வயதுச் சிறுவனாக அருகிலுள்ள ஸ்ட்ராட்போர்டில் இருந்த ஷேக்ஸ்பியர் இவ்விழாவைக் கண்டிருப்பார் எனச் சிலர் ஊகிக்கின்றனர். இனிய ஊகம், சான்று இல்லை.

இவ்வளவும் எதற்காக? மணவாழ்வே சிறந்தது என்று அரசிக்கு எடுத்துரைக்கும் நாடகம் ஒன்று எழுதி, ஒத்திகை பார்த்து, ஆயத்தமாக வைத்திருந்தனர். அது நடிக்கப்படவே இல்லை. மழை தடுத்தது என்றார்கள். அரசிக்குக் கருத்து முன்னமே எட்டிவிட்டது என்று எண்ணுவோரும் உளர். நானும் அவர்களோடு சேர்ந்தவன். அவள் ஜூலை 27-இல் புறப்பட்டாள். பின்னர் லெஸ்டர் அவளைக் கேளாமலே 1578-இல் வேறொரு பெண்ணை மறைவாக மணந்து, அவள் சினத்துக்கு ஆளானான். 1588-இல் மறைந்தான்.

அவனுக்கு முறையான மகன் உயிரோடு இல்லை. வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் ராபர்ட் டட்லி என்றே பெயர். கோட்டை அவன் கைக்கு வந்தது. தன் பெற்றோர் முறைப்படி மணந்தவரே என்று மெய்ப்பிக்க அவன் வழக்காடினான். வழக்குத் தோற்றது. 1605-இல், சிறுவன் வேடம் பூண்ட தன் காதலியோடு நாட்டைவிட்டு வெளியேறி, இத்தாலியில் பிளாரன்ஸ் நகரை அடைந்தான். அங்கே கப்பல் கட்டுவதில் வல்லவனாகி, கடல்வழிப் படங்கள் நிறைந்த மாபெரும் நூல் ஒன்றை 1646-இல் வெளியிடத் தொடங்கினான். கெனில்வொர்த்தை இளவரசன் ஹென்றி 14,500 பவுனுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் ஆயிற்று. முழுத் தொகை டட்லிக்கு வந்து சேரவே இல்லை.

இனி, தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். 1642-இல் மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டிலேயே கோட்டை பாராளுமன்றப் படையிடம் வந்தது. இங்கே பெரும்போர் எதுவும் நிகழவில்லை. ஆனால் வென்றவர்க்கும் அச்சம் இருந்தது. நாளை மன்னன் பக்கத்தார் எழுந்து இதனைப் பிடித்துக்கொண்டால்? 1266-இல் ஒரு நாட்டின் படை ஆறு திங்கள் வெளியே நின்றதை அவர்கள் அறிவார்கள். ஆகவே, அரசன் தலை வீழ்ந்த 1649-ஆம் ஆண்டிலேயே, இனி இக்கோட்டை யாருக்கும் அரணாகக் கூடாதென்று ஆணை பிறந்தது. பெருங்கோபுரத்தின் ஒரு பக்கத்தைத் தகர்த்தார்கள். வெளிமதிலின் ஒரு பகுதியை இடித்தார்கள். ஏரிக்கரையை வெட்டி நீரை வடியவிட்டார்கள். கரை உடைந்த அன்றே கோட்டை இறந்தது என்பேன். நானூற்றைம்பது ஆண்டு மரபு அன்று நீரோடு போயிற்று. மன்றம் என்னும் அமைப்புக்குத் தொடக்கத்தில் அரணாக இருந்த கோட்டையை, அந்த மன்றமே இடித்தது.

பணியை நடத்திய படைத்தலைவர்களுள் ஒருவன் ஹாக்ஸ்வொர்த். அவன் லெஸ்டர் கட்டிய வாயில் மாளிகையைத் தனக்கு வீடாக்கிக்கொண்டான். அவன் குடியிருந்த அக்கட்டடம் கூரையோடு இன்றும் முழுமையாக இருப்பதற்கு அதுவே காரணம். மன்னராட்சி மீண்டபின் கோட்டை ஹைடு குடியினர்க்குச் சென்றது. அவர்கள் அங்கே வாழவில்லை. ஐவிக்கொடி சுவர்களைப் போர்த்தது.

1821-இல் வால்டர் ஸ்காட் ‘கெனில்வொர்த்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அதில் ஆமி ராப்சர்ட் 1575-ஆம் ஆண்டு விழாவின்போது இக்கோட்டைக்கு வருகிறாள்; உண்மையில் அவள் இறந்து அப்போது பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. புதின ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்நூலைப் படித்தவர் கூட்டம் கூட்டமாகப் பாழ்பட்ட கோட்டையைக் காண வந்து, ஆமி இருந்த அறை எது என்று கேட்டார்களாம். வரலாற்றில் சைமனுக்காக இங்கே ஆறு திங்கள் பட்டினி கிடந்தவர்களைப் பற்றிக் கேட்டவர் மிகச் சிலரே இருந்திருப்பர்.

1937-இல் மோட்டார்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் சிட்லி இதனை விலைக்கு வாங்கினார். கெனில்வொர்த் பிரபு என்னும் பட்டமும் அவருக்கு அவ்வாண்டு கிடைத்தது. 1958-இல் அவர் மகன் கோட்டையை நகர மக்களுக்கே கொடுத்துவிட்டார். 1984 முதல் ‘இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்’ என்னும் அமைப்பு இதனைப் பேணி வருகிறது. ஏரி இருந்த இடம் இப்போது புல்வெளி. கான்ட் ஜானின் கூடத்துச் சாளரத்தில் நின்று பார்ப்பவர்க்கு, நீருக்குப் பதிலாக வயல்களே தெரியும்.

1575-இல் லெஸ்டர் அரசிக்காக அமைத்த தோட்டத்தைப் பற்றி, லாங்கம் என்பவர் பெயரால் வெளிவந்த கடிதம் ஒன்று விரிவாகச் சொல்கிறது. அரசி வேட்டைக்குச் சென்றிருந்தபோது தோட்டக்காரன் இரங்கி அவரை உள்ளே விட்டானாம். பளிங்கு நீரூற்று, பறவைக்கூடம், மணம் கமழும் செடிகள் என்று அவர் கண்டதையெல்லாம் எழுதினார். நானூறு ஆண்டுகளாக அது வெறும் வருணனை என்றே சிலர் கருதினர். பிறகு ஆய்வாளர் அவ்விடத்தை அகழ்ந்தபோது, அந்த நீரூற்றின் அடித்தளம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கடிதத்தை ஒரு கையிலும் அகழ்வுச் சான்றை மறு கையிலும் வைத்துக்கொண்டு தோட்டத்தை மீண்டும் அமைத்து, 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இடிந்த பெருங்கோபுரத்தின் வடபுறத்தே, பாராளுமன்றம் தகர்த்த அந்தச் சுவர் நின்ற இடத்தை ஒட்டியே, அத்தோட்டம் இருக்கிறது.